தோட்டத்துத் தண்ணீருக்குப் பரிசோதனை அறிக்கை வாங்கப்போய்ப் பட்ட பாடு

எங்கள் டிவிசனுக்கு (தேயிலைத் தோட்டத்தின் ஒரு பிரிவு) வரும் ஊற்றுத் தண்ணீரின் பரிசோதனை அறிக்கை ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் இதே வேலையில் இறங்கியிருக்கும் தண்ணீர்க் கமிட்டிக்காரர்கள் எங்களைப் போல அலையக் கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன். சங்கம் பதிந்தது, வங்கிக் கணக்குத் திறந்தது எல்லாம் சுலபமாகவே முடிந்தன. பிரச்சினை போத்தலில் தொடங்கியது.

பரிசோதனைக்கூடத்துக்கு போன் பண்ணிக் கேட்டோம். "சுத்தமான போத்தல்ல ஒரு லீட்டர் கொண்டு வாங்க" என்றார் கிளாக்கர். அதை நம்பி, குடிதண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கொதிநீரில் கழுவி நிரப்பிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனோம். எங்கள் பொருளாளர் கொழுந்தெடுக்கும் அக்கா. அன்றைய பேரை, அதாவது நாள் வேலையை, விட்டுவிட்டுத்தான் வந்தார். கவுண்டரில் போத்தலைப் பார்த்ததுமே தள்ளிவிட்டார்கள். இரசாயனப் பரிசோதனைக்குத்தான் அந்தப் போத்தல் சரிவருமாம். கிருமி பார்க்க அவர்களே தரும் கிருமிநீக்கிய போத்தல் வேண்டுமாம். போதாததற்கு அன்று வெள்ளிக்கிழமை. கிருமியை வளர்த்துப் பார்க்க நாள் பிடிக்கும், இடையில் வார இறுதி வந்துவிடும் என்பதால் வெள்ளிக்கிழமையில் மாதிரியை வாங்க மாட்டார்கள். இவ்வளவையும் போனில் சொல்ல ஒரு நிமிடம் போதும். அதைச் சொல்லாததால் ஒரு வீட்டின் நாட்சம்பளம் போனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே போன் பண்ணும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: கிருமிப் பரிசோதனைக்கான போத்தலை எங்கே வாங்குவது, எந்தெந்தக் கிழமையில் எடுப்பீர்கள்.

மாதிரி எடுக்கும் முறையைச் சரியாகச் சொல்லித் தந்தவர் எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) தான். அவர் வந்திராவிட்டால் இரண்டாம் முறையும் கெட்டிருக்கும். அந்தப் போத்தலுக்குள் கொஞ்சம் மருந்து போட்டிருப்பார்கள். தண்ணீரில் உள்ள குளோரினை அது முறித்துவிடும். இல்லாவிட்டால் போகிற வழியிலும் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே இருக்கும், அறிக்கை பொய்யாகிவிடும். அதனால் போத்தலை அலசவே கூடாது. பைப்பில் மாட்டியிருக்கும் ரப்பர் குழாயைக் கழற்றுங்கள். இரும்புப் பைப் என்றால் வாயை நெருப்பில் சுடுங்கள், பிளாஸ்டிக் என்றால் ஸ்பிரிட்டில் துடையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடியுங்கள். கழுத்து வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். மூடியின் உட்பக்கத்தில் விரல் படக் கூடாது.

அப்புறம் ஐஸ். மீன்காரரிடம் ஐஸ் வாங்கி ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் போட்டோம். போத்தலைத் தனியாக ஒரு பையில் இறுக்கிக் கட்டித்தான் அதற்குள் வைக்க வேண்டும், ஐஸ் கரைந்த தண்ணீர் அதில் பட்டுவிடக் கூடாது. ஆறு மணித்தியாலத்துக்குள் சேர்த்துவிடுவது நல்லது. 24 மணித்தியாலம் தாண்டினால் பயனில்லை. எங்கள் மலையிலிருந்து பஸ் பிடித்துப் போகிறவர்கள் இதைக் கணக்குப் பார்த்துத்தான் விடியற்காலையில் பைப்படிக்குப் போக வேண்டும்.

ஓர் இடத்தில் மட்டும் மாதிரி எடுக்கத்தான் காசு இருக்கிறது என்றால் ஊற்றில் எடுக்காதீர்கள், கடைசி லயத்துப் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பைப்பில் எடுங்கள். மக்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். நாங்கள் ஊற்று, தாங்கி, கடைசிப் பைப் என்று மூன்று இடத்தில் எடுத்தோம். ஊற்றில் குறை இல்லை; தாங்கியிலும் பைப்பிலும் மலத்திலிருந்து வரும் ஈ-கோலைக் கிருமி இருந்தது. குடிதண்ணீருக்கான இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 614இன்படி 100 மில்லிலீட்டரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது. மழைக்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஏன் வயிற்றோட்டம் வருகிறது என்பது அந்தக் கடதாசியில் எழுதியிருந்தது. ஏறிப் பார்த்தால் தாங்கியின் மூடி ஒரு பக்கம் உடைந்திருந்தது, காற்றுக் குழாய்க்கு வலை இல்லை. இரண்டையும் இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சரிசெய்துவிட்டார்கள்.

குளோரின் போடுவதற்குத்தான் பெரிய வாக்குவாதம். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பாட்டிமார் கூடி, "மருந்து வாசத் தண்ணியில தேத்தண்ணி ஊத்திக் குடிக்கிறதா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். முன்பு யாரோ அளவில்லாமல் அள்ளிக் கொட்டியதை அவர்கள் மறக்கவில்லை. கணக்கை எல்லோருக்கும் முன்னால் போட்டுக் காட்டினோம்: 10,000 லீட்டர்த் தாங்கிக்கு லீட்டருக்கு ஒரு மில்லிகிராம் வீதம் 10 கிராம் குளோரின் வேண்டும், 30 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் ஏறத்தாழ 33 கிராம். வாளியில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி, அரை மணித்தியாலம் விட்டுப் பைப்பைத் திறக்க வேண்டும். கடைசிப் பைப்பில் லீட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். திறந்து கிடந்த மூட்டையை வாங்காதீர்கள், அதில் வீரியம் போயிருக்கும். தண்ணீர் கலங்கி வரும் நாளில் ஊற்றடி வால்வை மூடிவிடுங்கள். கலங்கல் தண்ணீரில் குளோரின் சேற்றோடு வீணாகிவிடும்.

இன்னொரு அலைச்சல் சிபாரிசுக் கடிதத்துக்கு. வடிகட்டி உதவிக்கு விண்ணப்பிக்க அது தேவைப்பட்டது. "தோட்டக் காணியில சபை காசு போட முடியாது" என்று உள்ளூராட்சிக் கந்தோரில் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு நம்மைப் பல காலம் அப்படித்தான் ஒதுக்கி வைத்திருந்தது. ஆனால் 2018இல் அதைத் திருத்தியாயிற்று. திருத்தச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியை அச்செடுத்துக்கொண்டு மறுபடி போனோம். கிளாக்கர் அதை வாங்கிப் படித்துவிட்டு உள்ளே கொண்டுபோனார், மத்தியானத்துக்குள் கையெழுத்து வந்தது. பொருளாளர் அக்கா அந்தக் கடிதத்தை வழி முழுக்க மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். நீங்களும் அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டே போங்கள்.

மூடியும் வலையும் போட்டுக் குளோரின் தொடங்கிய பிறகு எடுத்த மாதிரியில் ஈ-கோலை இல்லை. ஆனால் அந்த மாதிரியை எடுத்தது வெயில் காலத்தில். மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் அதே மூன்று இடங்களில் மறுபடி எடுக்கப்போகிறோம். ஊற்றைச் சுற்றி வேலி அடிக்கத் தோட்ட மேலாளரான துரையின் அனுமதிக் கடிதம் இன்னும் வரவில்லை. அடுத்த கிழமை தோட்ட ஆபீசுக்குப் போக வேண்டும்.