ஒத்தை ஒட்டகம்

நாகர்கோவில் கடை ஒன்றில், போன வருசத்துக் கிறிஸ்துமஸ் குடிலின் சூசையப்பர் பொம்மையைத் துணிப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் நிறுத்தி, பக்கத்தில் ஒவ்வொரு ஒட்டகமாக வைத்து உயரம் பார்க்கிறார் ஒருவர்.

குடில் பொம்மை வாங்க இதுதான் சரியான வழி. உடைந்தது ஒன்றுதான் என்றால் முழு செட் எதற்கு? அளவு பார்க்காமல் வாங்கினால் ஆட்டுக்குட்டி மாட்டைவிடப் பெரிதாக நிற்கும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மையில் சம்மனசின் (தேவதூதரின்) இறக்கை, ஒட்டகத்தின் கால் இரண்டையும் விரலால் தடவிப் பாருங்க. மயிரிழை விரிசலைப் பெயின்ட் மறைத்துவிடும். விரலிடம் மறைக்காது.

காகித ஸ்டாரை மடித்தபடியே வாங்கவே கூடாது. விரித்து, உள்ளே பல்பைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க. ஒட்டு விட்ட இடம் அப்போதுதான் தெரியும். வீட்டில் 5 வாட் எல்இடி தாராளம். 60 வாட் குண்டு பல்பு சூட்டில் காகிதம் கருகிவிடும். மழையும் பனியும் படாமல் கூரை இறவாணத்துக்குள்ளே தொங்கட்டும்.

சீரியல் செட்டையும் கடையிலேயே எரியவிட்டுப் பாருங்க. (டிசம்பர் 24 சாயங்காலம் போனால் இதற்கெல்லாம் கடைக்காரருக்கு ஏது நேரம்!)

ஒட்டகம் கிடைத்துவிட்டது. அரை அங்குலம் கூடுதல்.

“வைக்கோலைக் கொஞ்சம் பள்ளமாப் போடுங்க அண்ணாச்சி, சரியாயிரும்.”