மார்ச் 8: ஒற்றைப்படைப் பூவும் சூரை மீன் சாலட்டும்

ரஷ்யாவில் மகளிர் தினம் அரசு விடுமுறை. சோவியத் காலத்தில் 1966 முதலே அப்படித்தான். அம்மா, பாட்டி, டீச்சர், கூட வேலை பார்க்கும் பெண்கள் என எல்லாருக்கும் பூ உண்டு. எண்ணிக்கை 3, 5, 7 என ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். இரட்டைப்படை சாவு வீட்டுக்கு. நாம் மொய்யில் 101 வைப்பதை நினைத்துக்கொண்டால் மறக்காது.

அன்று கொடுக்கும் பூக்களில் டியூலிப்பை விட அழகு மஞ்சள் மிமோசாதான். பெயர்தான் மிமோசா, உண்மையில் அது வேல மர இனம். ராமநாதபுரம் கண்மாய்க் கரையில் நிற்கும் நாட்டுக் கருவேலம் பூவைப் பாருங்கள், அதே மஞ்சள் பஞ்சு உருண்டை. சீமைக் கருவேலம் பூ நீளமாக இருக்கும், அது வேறு.

மிமோசா பெயரில் ஒரு சாலட்டும் உண்டு. ரஷ்யாவில் அதற்கு டப்பா மீன். பாம்பன், மண்டபம் பக்கம் இருப்பவர்களுக்குச் சூரையே போதும். கால் கிலோவை உப்புப் போட்டு அவித்து, முள் நீக்கி உதிர்த்து, தண்ணீரை ஒட்டப் பிழியுங்கள். ஈரம் இருந்தால் அடித்தட்டு சொதசொதக்கும். அதன்மேல் துருவிய 4 முட்டை வெள்ளைக்கரு, வெங்காயம், வெந்த உருளை 2, கேரட் 1. ஒவ்வொரு அடுக்குக்கும் மயோனைஸ் மெல்லிசாக. உருளை நன்றாக ஆறியிருக்க வேண்டும், சூட்டில் மயோனைஸ் பிரிந்து எண்ணெய் கக்கும். 2 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, பரிமாறும்போதுதான் மஞ்சள் கருவைத் தூவ வேண்டும். முன்பே தூவினால் நனைந்து படிந்துவிடும், பூ மாதிரி நிற்காது.