நடுங்கிய முள்

நண்பன் தன் காரில் பெரிய கேம்ஷாஃப்டை (எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்டிருந்தான். இன்று காலை அதில் வேக்குவம் கேஜை, அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சும் வலுவைக் காட்டும் அளவியை, மாட்டினேன். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் ஐடிலில் முள் ஓரிடத்தில் நிற்கவில்லை. 10 அங்குலத்துக்கும் (பாதரச அளவு) 12க்கும் நடுவே படபடத்துக்கொண்டே இருந்தது.

பழைய கேம்ஷாஃப்டில் இதே முள் 18 அங்குலத்தில் அசையாமல் நிற்கும்.

பிரேக் மிதி கல்லாகிவிட்டது என்றான். ஆகத்தானே செய்யும்? மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்கு வலு தருவதே இந்த வேக்குவம்தான்.

பெரிய கேம் செய்வதுபோல் வால்வு திறந்திருக்கும் கால அளவைக் கூட்டினால், கலவை உள்ளே வரும் இன்டேக்கும் புகை வெளியேறும் எக்ஸாஸ்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரமும் பெரும்பாலும் கூடும். 6000 ஆர்பிஎம்மில் அது வரம். 800இல் எரிந்த வாயு இன்டேக் பக்கம் திரும்பி ஏறும். இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால், மேலேறும் பிஸ்டன் கலவையில் கொஞ்சத்தை வந்த வழியே தள்ளிவிடும். கீழ் வேகத்தில் இழுவை போவது அங்கேதான்.

அவன் கேட்டலாக்கில் பார்த்தது உச்ச குதிரைத்திறனை மட்டும். தினசரி ஓட்டத்தில் எஞ்சின் பெரும்பாலும் 1500 முதல் 3500க்குள்தான் வாழ்கிறது. வண்டியின் எடை, கியர் விகிதம், கம்ப்ரஷன் எல்லாம் அதற்கு அப்புறம் வரும் கேள்விகள். இரண்டு கேமுக்கு நடுவே மனம் ஊசலாடினால் சிறியதையே எடுங்கள் என்பேன்.

சரி, பழையதையே திரும்பப் போடுவது என்று முடிவு. ஒவ்வொரு லிஃப்டரும் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் பாகம்) தான் ஓடித் தேய்ந்த அதே லோபுக்குத்தான் (கேமின் மேடு) போக வேண்டும்.

நல்லவேளை, பதினாறுக்கும் எண் எழுதி, எண்ணெய் தடவி வரிசையாக வைத்திருந்தான்.