வெங்காயம் சிவக்க எத்தனை நிமிஷம்?

ஒரு தொலைக்காட்சியின் சமையல் நிகழ்ச்சியில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். சமைக்கிற வேலை கிடையாது. நேயர்கள் எழுதுகிற கடிதங்களைப் பிரித்துப் படிப்பது, போன் வந்தால் எடுத்துப் பேசுவது, மின்னஞ்சலுக்குப் பதில் போடுவது, வாரக்கடைசியில் எல்லாவற்றையும் ஒரே பக்கமாகச் சுருக்கித் தயாரிப்பாளர் மேஜையில் வைப்பது. பாராட்டு இத்தனை, புகார் இத்தனை என்று எண்ணிக் கொடுத்தால் போதும் என்று சொல்லித்தான் உட்கார வைத்தார்கள்.

எண்ண ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, வருகிற கருத்துகளில் பாதிக்கு மேல் சமையலைப் பற்றியதே இல்லை. தலைமுடியை ஏன் கட்டவில்லை, மோதிரத்தோடு மாவு பிசையலாமா, ருசி பார்த்த கரண்டியை எதற்கு மறுபடியும் பாத்திரத்துக்குள் விட்டார், வாயில் வைத்து மெல்லுவதற்கு முன்பே ‘பிரமாதம்’ என்று எப்படிச் சொல்கிறார், அவ்வளவு பாத்திரத்தையும் யார் கழுவுவது. இந்தக் கடைசிக் கேள்வி மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு, ஏனென்றால் எங்கள் நிகழ்ச்சியில் பாத்திரம் கழுவ மட்டும் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்கள் ஒருநாளும் திரையில் வந்ததில்லை.

இதெல்லாம் பார்த்தவர்கள் எழுதுவது. செய்து பார்த்தவர்கள் எழுதுகிற கட்டு ஒன்று தனியாகச் சேரும், சின்னக் கட்டு. கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். ஓரத்தில் எண்ணெய்க் கறை இருக்கும், இரண்டு ஸ்பூன் என்று எழுதியதை அடித்து ஒன்றரை ஆக்கியிருப்பார்கள், மாவு ஒட்டிக் காய்ந்திருக்கும். அந்தக் கட்டில் திரும்பத் திரும்ப ஒரே வரி வரும்: ‘நான்தான் எங்கேயோ தப்பு பண்ணிட்டேன் போல.’ முதல் சில மாதம் அதைச் சும்மா படித்துக் கடந்துவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் வயதான ஓர் அம்மா போன் செய்தார்.

“தம்பி, உங்க செஃப் பத்து நிமிஷத்துல வெங்காயத்தைச் செவக்க வதக்கிடுறாரே, எனக்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆகுது. தீயைக் கூட்டினா கருகுது, குறைச்சா அழுதுக்கிட்டே கிடக்கு. என் கையில ஏதாவது கோளாறா?”

நாற்பது வருஷத்துக்கு மேல் தினமும் சமைத்தவர். திரையில் ஒருவர் சொன்ன ஒரே எண்ணை நம்பித் தன் கையைச் சந்தேகப்படுகிறார். எனக்குப் பதில் வரவில்லை. கேட்டுச் சொல்கிறேன் அம்மா என்று போனை வைத்தேன்.

அந்தப் பத்து நிமிஷம் எப்படி வருகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும், தினமும் பார்க்கிறேன். அடுப்பில் ஒரு வாணலி, கேமராவுக்கு வெளியே மேஜையில் இரண்டு வாணலி. ஒன்றில் பாதி வதங்கியது, இன்னொன்றில் முழுக்கச் சிவந்தது, இரண்டையும் உதவியாளர்கள் காலையிலேயே தயார் செய்திருப்பார்கள். செஃப் பச்சை வெங்காயத்தைப் போட்டு நாலு கிளறு கிளறுவார், கட், வாணலி மாறும், அவர் விட்ட வாக்கியத்தை அதே சிரிப்போடு முடிப்பார். உலகம் முழுக்கச் சமையல் நிகழ்ச்சி இப்படித்தான் எடுக்கிறார்கள், அதில் தப்பே கிடையாது. வாயால் ‘பத்து நிமிஷம்’ என்று சொன்னதுதான் தப்பு.

மறுநாள் ஷூட்டிங் முடிந்ததும் உதவியாளர் ஒருவரைக் கெஞ்சி நிறுத்தினேன். அரைக்கிலோ வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து அதே அடுப்பில், அதே வாணலியில் போட்டோம். நான் போனில் நேரத்தை ஓடவிட்டுப் பக்கத்தில் நின்றேன். முதல் பதினைந்து நிமிஷம் வெறும் தண்ணீர்தான். வெங்காயத்தின் எடையில் கிட்டத்தட்ட 90 சதவீதம் தண்ணீர், அது வற்றாதவரை வாணலிக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டுவதில்லை, சிவப்பதற்கோ 140 டிகிரி பக்கம் போயாக வேண்டும். 20 நிமிஷத்தில் கண்ணாடி போல ஆனது. அரைமணி நேரத்தில் ஓரம் மட்டும் மஞ்சளாக, அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டியது. உதவியாளர் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து அதைச் சுரண்டி வெங்காயத்தோடேயே கலந்தார், நிறம் சட்டென்று வெங்காயத்தில் ஏறியது. செஃப் திரையில் அழுத்திச் சொல்லும் அந்தச் சிவப்பு வந்தபோது 44 நிமிஷம் ஆகியிருந்தது. அந்த அம்மா சொன்ன முக்கால் மணி நேரத்துக்கு ஒரே ஒரு நிமிஷம் குறைவு.

அன்று இரவே அவருக்குப் போன் செய்தேன். “அம்மா, உங்க கை சரியா இருக்கு, நாங்க சொன்ன நேரம்தான் தப்பு.” கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “இதைச் சொல்லவா கூப்பிட்டே?” என்றார். குரல் இளகியிருந்தது.

வாரக் கூட்டத்தில் விஷயத்தை எடுத்தேன். அரைமணி நேர நிகழ்ச்சியில் 44 நிமிஷம் என்று சொன்னால் யார் செய்வார்கள், சேனலை மாற்றிவிடுவார்கள் என்றார் தயாரிப்பாளர். அவர் கவலையும் நியாயம்தான். நான் அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் ஜூலியா சைல்டைச் சொன்னேன். 1962இல் பாஸ்டனில் டபிள்யூஜிபிஎச் தொலைக்காட்சியில் புத்தகம் பற்றிப் பேச வந்தவர், கூடவே அடுப்பைக் கொண்டுவந்து ஆம்லெட் போட்டுக் காட்டினார். இன்னும் காட்டச் சொல்லி வந்த கடிதங்கள் 27. அந்த 27ஐ மதித்து ஒருவர் படித்ததால்தான் 1963 பிப்ரவரியில் அவருடைய நிகழ்ச்சியே தொடங்கியது. அதில் ஒருமுறை உருளைக்கிழங்கு அடையைத் திருப்பிப் போடும்போது பாதி சிதறிவிட்டது. அவர் அள்ளி ஒட்டவைத்து, சமையலறையில் தனியாக இருக்கும்போது யார் பார்க்கப் போகிறார்கள் என்கிற மாதிரி சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். சிதறியது அடுப்பு மேல்தான், பின்னாளில் ஜனங்கள் அதைக் கோழியைத் தரையில் போட்டார் என்று கதையாகவே வளர்த்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய ஆளுக்கும் நம்மைப் போல நடக்கும் என்று தெரிந்ததில் அவர்களுக்கு அவ்வளவு ஆறுதல் இருந்திருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பிரிட்டனில் ஃபேனி கிராடாக் தொலைக்காட்சிச் சமையலில் இருபது வருஷம் கொடிகட்டிப் பறந்தவர். 1976இல் வீட்டில் சமைத்துப் பழகிய ஒரு பெண்மணி பெரிய விருந்துக்குத் தயாராகும் நிகழ்ச்சியில், அந்தப் பெண்மணி தேர்ந்தெடுத்த உணவைக் கேட்டு கிராடாக் குமட்டுவது போல முகத்தைச் சுளித்தார். நேயர்கள் கொதித்துப்போனார்கள், பிபிசி கிராடாக்கின் ஒப்பந்தத்தையே முடித்துக்கொண்டது. பிரிட்டிஷ் செஃப் கார்டன் ராம்சே தன் நிகழ்ச்சிகளில் கத்துவதை ரசிக்கிற நேயர்கள் இருக்கிறார்களே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். இருக்கிறார்கள், ஆனால் அங்கே திட்டு வாங்குவது பெரும்பாலும் சமையலைத் தொழிலாகக் கொண்டவர்கள். வீட்டில் சமைக்கிறவரை அவமானப்படுத்தினால் அது பார்க்கிற ஒவ்வொருவர் மேலும் விழுகிறது. பிரிட்டனின் இன்னொரு தொலைக்காட்சிச் சமையல்காரர் டெலியா ஸ்மித் 1998இல் முட்டை வேகவைப்பதிலிருந்து சொல்லிக் கொடுத்தபோது சக செஃப்களே கேலி செய்தார்கள், நேயர்களோ கடைக்குப் போய் முட்டை வாங்கினார்கள்.

ஒருவழியாக ஒரு மாற்றம் வந்தது: வாணலி மாறும் இடத்தில் திரையின் கீழே உண்மையான நேரத்தைப் போடுவது. முதல் வாரமே ‘இவ்வளவு நேரமா, யாருக்கு முடியும்’ என்று திட்டிக் கடிதம் வந்தது, இரண்டாவது வாரமும் வந்தது, அதையெல்லாம் ஒன்றுவிடாமல் எண்ணிக் கொடுத்தேன். செஃப்புக்கும் முதலில் பிடிக்கவில்லை, தன்னை மெதுவாக வேலை செய்கிறவராகக் காட்டுகிறது என்று வருத்தப்பட்டார். மூன்றாவது மாதம் சின்னக் கட்டு கொஞ்சம் தடித்தது. எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. ‘நான்தான் தப்பு பண்ணிட்டேன்’ என்ற வரியைத் தேடினேன், குறைந்திருந்தது.

அந்த அம்மா மறுபடியும் கூப்பிட்டார்.

“தம்பி, நேரம் சரியாப் போச்சு. இப்ப ஒரு கைப்பிடி பட்டாணி போடச் சொல்றாரே, யார் கைப்பிடி? என் கை ரொம்பச் சின்னதுப்பா.”

அடுத்த ஷூட்டிங்குக்குத் தராசோடு போனேன். செஃப்பை ஒரு கைப்பிடி அள்ளச் சொல்லிக் கேட்டேன், அவரும் மறுக்காமல் அள்ளிப் போட்டார். 62 கிராம். பாத்திரம் கழுவுகிற அக்காவையும் அள்ளச் சொன்னேன், 38 கிராம். இரண்டையும் ஒரு தாளில் எழுதித் தயாரிப்பாளர் மேஜையில் வைத்துவிட்டு, அம்மாவுக்குப் போன் போட்டேன்.