பொடி எழுத்தில் அரை சதவீதம்

பீர் பாட்டிலின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் 'ஆல்கஹால் இல்லாதது'. பின்பக்கம் கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய பொடி எழுத்தில் '0.5 சதவீதத்துக்கும் குறைவு'. நான் அதைப் படித்தபோது பாதி பாட்டில் உள்ளே போயிருந்தது.

ஜெர்மனியின் ம்யூனிக் நகரில், திறந்தவெளியில் உட்கார்ந்து பீர் குடிக்கும் 'பீர் தோட்டங்களுக்கு'ச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம். பவேரியா மாநிலத்தின் பழைய வழக்கம். நான் புளியோதரை டப்பாவைத் திறந்தேன். ஆளுக்கு ஒரு கரண்டி வாங்கிக்கொண்ட ஆபீஸ் நண்பர்கள், குடிக்காதவனுக்கென்று இந்தக் கோதுமை பீரை நீட்டினார்கள். "இதுல ஒண்ணுமே இல்ல." புளிக்கும் காரத்துக்கும் அந்த இளங்கசப்பு அப்படிப் பொருந்தியது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சட்டப்படி யார் மேலும் தப்பில்லையாம். ஜெர்மனியில் அரை சதவீதம் வரை இருந்தாலும் 'இல்லாதது' என்று போடலாம். ஐரோப்பிய விதியோ 1.2 சதவீதத்தைத் தாண்டினால்தான் அளவை அச்சிடச் சொல்கிறது. பிரிட்டனில் 2018-ல் வந்த அரசு வழிகாட்டுதலில் அதே பெயருக்கு வரம்பு 0.05. பத்தில் ஒரு பங்கு! பீரை முழுதாகப் புளிக்கவைத்து, அழுத்தத்தைக் குறைத்து, இளஞ்சூட்டில் ஆல்கஹாலை ஆவியாக்கும்போது கொஞ்சம் தங்கிவிடுகிறது. கனிந்த வாழைப்பழத்திலும்தான் இருக்கிறது என்றான் ஒருவன். இருக்கட்டுமே. வாழைப்பழத்தின் மேல் யாரும் 'இல்லை' என்று ஒட்டி விற்கவில்லையே! இருப்பதைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போடு, குடிப்பதா வேண்டாமா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

மற்றபடி ஊர் பழகிவிட்டது. ஞாயிறு கடையடைப்போ, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துச் சில்லறை வாங்குவதோ எதுவும் உறுத்துவதில்லை. கார்த்திகை பிறந்தால் மட்டும் அப்பா நினைவுக்கு வந்துவிடுவார். மாலை போட்டிருக்கும்போது இருமல் மருந்தைக்கூட மருந்துக்கடைக்காரரிடம் நீட்டி, "இதுல அது கலந்திருக்கா, படிச்சுச் சொல்லுங்க" என்பார்.

அம்மாவிடம் போனில் புலம்பினேன். சிரித்தாள்.

"மாலை போட்ட நாள்லயும் ராத்திரி ரெண்டு மூடி திராட்சாரிஷ்டம் குடிப்பாரே உங்கப்பா, அதுல எவ்வளவுடா?"

தேடிப் பார்த்தேன். அரிஷ்டம் புளிக்கும்போது தானாக உண்டாகிற ஆல்கஹால், 5 முதல் 10 சதவீதம்.

"ஆனா நம்மாளுங்க அதை லேபிள்லயே போட்டிருக்காங்கம்மா."

"போட்டிருந்தா? அவருக்குத்தான் கண்ணாடி இல்லாம ஒரு எழுத்தும் தெரியாதே. நாட்டுமருந்துக் கடைக்கு என்னிக்குக் கண்ணாடி மாட்டிக்கிட்டுப் போனாரு?"