கஞ்சி போட்ட பேய்

செப்டம்பர் 14, சனி

பேய் வேஷம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீனுக்கு இந்த வருஷம் விருந்து எங்கள் வீட்டில். 2024-இல் அக்டோபர் 31 அன்றே தீபாவளியும் வந்துவிட்டதால் விருந்தை 26-ஆம் தேதி சனிக்கிழமைக்கு வைத்துக்கொண்டோம். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், நேப்பர்வில்லில் எங்கள் தெருவில் செப்டம்பர் பாதியிலேயே பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள் வாசலுக்கு வந்துவிடும். போன மூன்று வருஷமும் நாங்களும் கடையில்தான் வாங்கினோம். எந்த வீட்டுக்குப் போனாலும் அதே எலும்புக்கூடு, அதே சிலந்தி வலை. இந்த முறை எல்லாவற்றையும் கையால் செய்துவிடுவது என்று முடிவு. ஆறு வாரம் இருக்கிறது. காரை வெளியே நிறுத்திவிட்டு கராஜை எடுத்துக்கொண்டேன்.

முதலில் கல்லறைக் கற்கள். சில வருஷத்துக்கு முன் பாஸ்டன் போனபோது கிரானரி இடுகாட்டைப் பார்த்தோம். 1660-இல் தொடங்கியது. கறுத்த பலகைக் கற்களின் தலைப்பில் இறக்கை முளைத்த மண்டையோடு செதுக்கியிருப்பார்கள். நடுவில் வளைவு, இரண்டு பக்கமும் தோள்பட்டை மாதிரி சின்ன வளைவு. அந்த உருவம் மனதிலேயே நின்றுவிட்டது. அதைத்தான் செய்யப்போகிறேன். நம் ஊர் நடுகல் ஒன்றும் வைக்கலாமே என்று மகள் கேட்டாள். அது படையல் வைத்துக் கும்பிடுகிற கல். அதைப் பயமுறுத்தும் பொருளாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு அதைச் சொன்னதும் புரிந்துகொண்டாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

சுவருக்குள் குளிர் இறங்காமல் இருக்க வைக்கும் இளஞ்சிவப்பு ஃபோம் பலகைதான் கல். இரண்டு அங்குல கனம், இரண்டடிக்கு இரண்டடி துண்டுகளாகவே கிடைக்கிறது. ஓரங்களைக் கட்டர் கத்தியால் வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, அங்கங்கே கிள்ளி எடுத்தால் உடைந்த கல் மாதிரியே ஆகிவிடுகிறது. மண்டையோட்டைக் காகிதத்தில் வரைந்து, மேலே வைத்துக் குண்டூசியால் புள்ளி குத்தி இறக்கினேன். புள்ளி வைத்துக் கோலம் போட்ட கைக்கு இது பழகிய வேலை.

ஒரு கல் போய்விட்டது. சாம்பல் நிற ஸ்ப்ரே பெயிண்ட்டை நேராக அடித்தேன். அடித்த இடமெல்லாம் அப்பளம் பொரிவது போலக் குமிழ் விட்டு உள்ளே இறங்கியது. ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் இந்த ஃபோமைக் கரைத்துவிடும். முகமே இல்லாமல் போன அந்த மண்டையோட்டைப் பார்க்க உண்மையிலேயே வருத்தமாக இருந்தது; இரண்டு மணி நேர வேலை. தண்ணீரில் கரையும் சுவர் பெயிண்ட்டைத்தான் முதலில் இரண்டு கை பூச வேண்டும். பசையும் அப்படியே, ஃபோமுக்கு ஆகும் என்று போட்டிருக்கும் பசைதான்.

வண்ணத்தில் மூன்று படி இருக்கிறது. கறுப்புக்குப் பக்கத்தில் போகும் சாம்பல் நிறம் அடியில். அது காய்ந்ததும் வெளிர் சாம்பலைத் தூரிகையில் தொட்டு, பழைய துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் லேசாக இழுக்க வேண்டும். செதுக்கிய பள்ளங்கள் கறுப்பாகவே நிற்கும், எழுத்து எழும்பி வரும். கடைசியில் கறுப்பு பெயிண்ட்டைத் தண்ணீராகக் கரைத்துக் கல்லின் உச்சியில் ஸ்ப்ரே பாட்டிலால் பீய்ச்சினால், அதுவே வழிந்து நூறு வருஷ மழைக்கறையை வரைந்துவிடும். நாம் கோடு இழுத்தால் அந்த அழகு வராது.

ஃபோமுக்கு எடை கிடையாது, இல்லினாய்ஸ் காற்றுக்குப் பறந்துவிடும். பின்பக்கம் ஒரு பிவிசி குழாயை ஒட்டி, தரையில் இரண்டடிக் கம்பியை அடித்து, குழாயை அதில் சொருகிவிட்டேன்.

அக்டோபர் 5, சனி

பேய். பாலாடைக்கட்டி வடிகட்டும் மெல்லிய துணி இங்கே கஜக் கணக்கில் கிடைக்கும். தலைக்கு ஊதிய பலூன், அதைத் தாங்க ஒரு பாட்டில், கைகளுக்குக் கம்பி; அதன்மேல் பசையில் நனைத்த துணியைப் போர்த்திக் காயவிட்டு, பிறகு பலூனை உடைத்து எடுத்துவிட்டால் துணி தானாக நிற்கும். இங்கே எல்லாரும் வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அப்பாவின் வேஷ்டி ஞாபகம் வந்தது. கஞ்சி இருக்கும்போது பசை எதற்கு?

சாதம் வடித்த கஞ்சியில் நனைத்துப் போட்டேன். காலையில் கழுத்து தொங்கிப்போயிருந்தது. மதுரைக்கு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"வடிச்ச கஞ்சி மட்டும் பத்தாதும்மா. ஒரு பிடி ஜவ்வரிசி போட்டுக் கண்ணாடியா வர்ற வரைக்கும் காய்ச்சு. பேயா இருந்தா என்ன, மொடமொடன்னு நிக்க வேணாமா?"

மூன்று லிட்டர் தண்ணீருக்கு ஒரு பிடி. ஜவ்வரிசியின் வெள்ளைக் கண் மறையும் வரை காய்ச்சி, வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டில் துணியை முக்கிப் பிழிந்தேன். அடுத்த நாள் சாயங்காலம் பேய் நிமிர்ந்து நின்றது. விரலால் சுண்டினால் காகிதம் மாதிரி சத்தம். மடிப்புகள் எல்லாம் காற்றில் பறக்கும்போதே உறைந்துபோன மாதிரி. கம்பியை உருவிய பிறகு அந்த வெறும் கைகள் நீண்டு நிற்பதைப் பார்க்க எனக்கே சிலிர்த்தது. ஒன்று மட்டும் கவனம்: ஈரம் பட்டால் கஞ்சி இளகிவிடும், எறும்பும் வரும். இந்தப் பேய் வீட்டுக்குள்தான்.

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்று விஜயதசமி. இன்று பொம்மைகளைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, கொலுப்படிக்கான இரும்புச் சட்டத்தை மட்டும் பிரிக்காமல் கறுப்புத் துணி போர்த்தினேன். மெழுகுவத்திகளுக்கு அதுதான் இடம். பிவிசி குழாய்த் துண்டுகள், மேல் விளிம்பிலிருந்து ஹாட் குளூவை (சூட்டில் உருகும் பசை) வழியவிட்டால் உருகிய மெழுகு, மேலே யானைத் தந்த நிறப் பூச்சு, உள்ளே மினுக்கும் எல்இடி. இருபது செய்ய ஒரு மதியம் போதும்.

இரவு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு முதல் தடவை ஒத்திகை பார்த்தேன். இதை முதல் வாரமே செய்திருக்க வேண்டும். கராஜ் டியூப் லைட்டில் நான் மணிக்கணக்காகச் சரிசெய்த வண்ண வேறுபாடுகள் இருட்டில் தெரியவே இல்லை. சுமாராகச் செதுக்கிய கல், தரையிலிருந்து மேல்நோக்கி ஒரு பச்சை விளக்கை வைத்ததும், நிழல் விழுந்து நிஜக் கல்லாகவே நின்றது. வெளிச்சம் நேர் முன்னாலிருந்து வந்தால் எதுவும் தட்டையாகிவிடுகிறது. கீழிருந்தோ பக்கவாட்டிலோ வந்தால் சின்னப் பள்ளம்கூடப் பேசுகிறது. இனி எதைச் செய்தாலும் பாதியிலேயே இருட்டில் வைத்துப் பார்ப்பேன்.

அக்டோபர் 19, சனி

நான் மிகவும் ஆசைப்பட்டது இதற்குத்தான்: கண்ணாடிப் பேய். 1862 டிசம்பரில் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் காட்டிய வித்தை. மூல யோசனை ஹென்றி டர்க்ஸ் என்ற பொறியாளருடையது; பெயர் பெப்பருக்குப் போய்விட்டது. ராத்திரி பஸ்ஸில் போகும்போது ஜன்னல் கண்ணாடியில் நம் முகமே இருட்டுக்குள் மிதந்து வருமே, அதேதான்.

டிவி வந்த அட்டைப்பெட்டிக்கு உள்ளே முழுக்கக் கறுப்பு. நடுவில் கண்ணாடி மாதிரி ஊடே தெரியும் அக்ரிலிக் தகடு 45 டிகிரி சாய்வில். தகட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன மர நாற்காலி. பக்கவாட்டில், பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாத அறையில், வெள்ளை பூசிய பொம்மை. அதன்மேல் மங்க வைக்கக்கூடிய ஒரு விளக்கு. விளக்கு ஏற ஏற நாற்காலியில் ஒரு உருவம் கூடி வரும், நாற்காலியும் அதன் ஊடே தெரியும்.

முதலில் உருவம் நாற்காலியைத் தாண்டிச் சுவருக்குள் போய் உட்கார்ந்தது. அளந்து பார்த்தேன். தகட்டிலிருந்து நாற்காலி 9 அங்குலம், பொம்மை 14. பொம்மை தகட்டுக்கு எவ்வளவு தூரமோ அதே தூரத்தில்தான் பிம்பம் பின்னால் விழும். பொம்மையை 9-க்கு நகர்த்தியதும் நாற்காலியில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. அந்த நிமிஷத்துக்காகவே ஆறு வாரமும் வேலை செய்யலாம். தகட்டில் ஒரு விரல் ரேகைகூட இருக்கக் கூடாது, உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அக்டோபர் 24, வியாழன்

பூசணி கடைசியில்தான். வெட்டினால் சில நாளில் பூசணம் பிடிக்கும், அணில் வேறு குடைந்துவிடும். மேலே மூடி வெட்டாமல் அடியில் வட்டமாக வெட்டிக் குடலை வழித்தேன். முகம் வெட்டும் பக்கத்தை மட்டும் ஓர் அங்குல கனத்துக்குச் சுரண்டினால் வெளிச்சம் நன்றாக ஊடுருவும். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்தது, அமெரிக்கா வந்ததும் பூசணிக்கு மாறியிருக்கிறது. முக்கோணக் கண் போடாமல், நம் ஊரில் புது வீட்டு முகப்பில் கட்டும் திருஷ்டி பூசணியின் முகத்தைப் போட்டேன்: உருட்டு விழி, முறுக்கு மீசை, கோரைப்பல், தொங்கும் நாக்கு. இங்கேயும் அங்கேயும் பூசணிக்குக் கொடுத்த வேலை ஒன்றுதானே, கெட்டது வாசலோடு திரும்பிப் போக வேண்டும். மீசையைத் துளைக்காமல் தோலை மட்டும் சீவிவிட்டேன். அது செம்மஞ்சளாகக் கனல்கிறது. விதைகளை உப்பு, மிளகாய்த்தூள் போட்டு வறுத்தாயிற்று.

அக்டோபர் 27, ஞாயிறு

விருந்து முடிந்தது. புகைக்காக உலர் பனிக்கட்டி (உறைந்த கரியமில வாயு) 5 பவுண்டு வாங்கி, கார் ஜன்னலைத் திறந்துவைத்தே கொண்டுவந்தோம். மைனஸ் 78 டிகிரி செல்சியஸ், கையுறை இல்லாமல் தொடக் கூடாது. வெளிவருவது கரியமில வாயு என்பதால் ஹாலிலும் ஜன்னல் திறந்தே இருந்தது. அண்டாவில் வெந்நீர் ஊற்றியதும் புகை கொலுப்படிகளில் படி படியாக இறங்கியது. அதை நான் திட்டமிடவில்லை, ஆனால் நேற்று இரவு எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

எதிர் வீட்டு ஆறு வயதுப் பையன் கண்ணாடிப் பேய்ப் பெட்டிக்கு முன்னாலேயே நின்றான். பெட்டிக்குப் பின்பக்கம் போய்ப் பார்த்தான், திரும்பி வந்தான், மறுபடியும் போனான். "ஆன்ட்டி, அது நிஜமாக அங்கே இல்லைதானே?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டான். பெட்டியின் பக்கவாட்டு அறையைத் திறந்து பொம்மையைக் காட்டினேன். விளக்கைத் தானே ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, தன் தங்கையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அவளுக்குச் செய்து காட்டினான்.

கற்களைக் கராஜ் சுவரில் சாய்த்துவிட்டேன். பூசணி தீபாவளி வரை வாசலில் இருக்கும், பக்கத்தில் அகல் வைக்கலாம். பேயை வெந்நீரில் போட்டேன். பத்து நிமிஷத்தில் தலை அமுங்கி, கை மடங்கி, வெறும் துணியாகிவிட்டது. அலசிக் காயப்போட்டிருக்கிறேன். அடுத்த தடவை ஜவ்வரிசி ஒன்றரைப் பிடி.