மூன்று நாள், ஒரு கார், நிறைய மூட்டை

மகள் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கே திரும்பி வருகிறாள். நாட்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு. "நானே பார்த்துக்கறேன்ப்பா" என்றாள். கேட்கிற ஆளா நான்? போய் நின்றுவிட்டேன்.

சாமான் ஏற்றும்போதே முதல் சண்டை. புத்தகப் பெட்டிகளை மேலே அடுக்கியிருந்தாள். திடீரென பிரேக் அடித்தால் அது நம் பிடரிக்குத்தான் வரும். கனமானதெல்லாம் கீழே, சீட்டை ஒட்டி. துணியும் தலையணையும் மேலே. டயருக்கு முழு பாரத்துக்கான காற்று. அந்த அளவு டிரைவர் கதவோரம் ஸ்டிக்கரிலேயே இருக்கிறது, யார் பார்க்கிறார்கள்! அத்தனை சாமர்த்தியம் பேசியும் ஒன்றைக் கோட்டை விட்டேன். பின்பக்கம் பாரத்தில் தாழ்ந்ததும் ஹெட்லைட் மேலே தூக்கிக்கொண்டது. எதிரே வந்தவர்களெல்லாம் லைட் அடித்துத் திட்டிய பிறகுதான் உறைத்தது.

2 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். மதியம் கண் சொக்கியபோது, "காபி குடிச்சிட்டு உடனே 20 நிமிஷம் தூங்குப்பா" என்றாள். காபி வேலை செய்ய எப்படியும் அவ்வளவு நேரம் ஆகுமாம். தெளிவாகத்தான் எழுந்தேன்.

வேலையை ஏன் விட்டாள் என்று நான் கேட்கவில்லை (அவள் அம்மாவின் கண்டிப்பான உத்தரவு). இரண்டாம் நாள் இருட்டிய பிறகு அவளே சொன்னாள். இருவர் கண்ணும் ரோட்டில் இருந்ததால் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். நான் "ம்" கொட்டியதோடு சரி.

அவள் அறையில் என் பழைய சாமான்கள் குவிந்து கிடப்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை. நாளை சாயங்காலம் வீடு போய்ச் சேருவோம்.